பெயரைப் பார்த்தா டயர் வாங்குவது?

— இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். பயந்து பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், எம்-2 பேப்பர் மாதிரி இருக்காது!

நாலு பேர் உட்கார்ந்த ஒரு சின்னக் கார். மொத்த எடை சுமார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் காற்று 33 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 கிலோ. 300ஐ 2.3ஆல் வகுத்தால் ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர். ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் தோராயமாக அவ்வளவுதான். நம் தபால் இலாகாவின் அஞ்சலட்டை 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். பரப்பு 126. ஆக, ஜி.எஸ்.டி. ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒரு குடும்பத்தின் உயிர், நாலே நாலு அஞ்சலட்டை அளவு ரப்பரின் மேல் போய்க்கொண்டிருக்கிறது! பிரேக் பிடிப்பதும், திரும்புவதும், மழையில் வழுக்காமல் நிற்பதும் அந்த நாலு அட்டையை நம்பித்தான்.

அந்த ரப்பரை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பெயரைப் பார்க்கிறோம். விலையைக் கேட்கிறோம். கடைக்காரர் காட்டுவதைப் போட்டுக்கொண்டு வருகிறோம். அவ்வளவுதான். "தம்பி, நீ டிப்ளமோ தானே படிக்கிற? காருக்கு எந்தக் கம்பெனி டயர் போடலாம்?" என்று மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ கேட்டால், நம்மவர்களும் சினிமா ஹீரோவுக்கு ஓட்டுப் போடுகிற மாதிரி ஒரு பெயரைச் சொல்லி விடுகிறார்கள்.

என் கருத்தைப் பட்டென்று சொல்லி விடுகிறேன். கம்பெனிப் பெயர் என்பது டயரின் முகவரி அல்ல. யார் செய்தது, எங்கே செய்தது, எப்போது செய்தது, எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் பெயரை மட்டும் சொல்வது தொழிற்கல்வி படிக்கிற நமக்கு அழகல்ல.

பெயருக்குப் பின்னால் யார்?

பெயர்களை நம்பலாமா என்று கொஞ்சம் பார்ப்போம்.

குட்இயர் என்றால் ரப்பரை கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயர் ஆரம்பித்த கம்பெனி என்று பலர் நினைக்கிறார்கள். அவர் 1860லேயே காலமாகி விட்டார். கம்பெனி பிறந்தது 1898ல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில். ஆரம்பித்தவர் பிராங்க் சைபர்லிங். கண்டுபிடிப்பாளரின் பெயரைக் கௌரவத்துக்காக வைத்தார்கள். அவருக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!

பிரிட்ஜ்ஸ்டோன் என்று கேட்டால் வெள்ளைக்காரர் கம்பெனி மாதிரி இருக்கிறது. அது சுத்தமான ஜப்பான் கம்பெனி. 1931ல் தொடங்கியவர் ஷோஜிரோ இஷிபாஷி. இஷிபாஷி என்றால் "கல் பாலம்". அதை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டார், பிரிட்ஜ்ஸ்டோன் ஆகிவிட்டது. அந்த ஜப்பான் கம்பெனிதான் 1988ல் அமெரிக்காவின் பழம்பெரும் பயர்ஸ்டோன் கம்பெனியை வாங்கியது.

சியட் நம் நாட்டுக் கம்பெனி. ஆனால் அந்தப் பெயர் இத்தாலியின் டூரின் நகரத்தில் மின்கம்பி செய்த ஒரு கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். 1982 முதல் நம் நாட்டு ஆர்.பி.ஜி. குழுமத்தின் கையில் இருக்கிறது. யுனிராயல் கதை இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவில் அந்தப் பெயர் ஜெர்மனியின் கான்டினென்டல் கையில், அமெரிக்காவில் பிரான்சின் மிச்செலின் கையில்! பெயர் ஒன்று, முதலாளி ரெண்டு. ஹாலந்து நாட்டு விரெடஸ்டைனை 2009ல் நம் அப்போலோ வாங்கியது. அதைப் பற்றி நாம் பெருமைப்படலாம், தப்பில்லை.

எம்.ஆர்.எப். என்ற மூன்றெழுத்தை விரித்தால் மெட்ராஸ் ரப்பர் பேக்டரி. 1946ல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்த தொழில் அது. இன்று கிரிக்கெட் மட்டையில் பெயரைப் பார்த்து நமக்கு அது தெரிகிறது. பலூனில் ஆரம்பித்தது பலருக்குத் தெரியாது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? பெயர் விற்கப்படும், வாங்கப்படும், கடல் தாண்டிப் போகும். பெயர் ஒரு டயரைச் செய்வதில்லை. ஒரு தொழிற்சாலை செய்கிறது. அந்தத் தொழிற்சாலையில் ஷிப்டில் நிற்கிற ஆட்கள் செய்கிறார்கள்.

டிகேட்டர் சொல்லும் பாடம்

டயர் பில்டிங் என்பதை இன்டஸ்ட்ரியல் விசிட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றும் டிரம்மின் மேல் உள்சுற்று ரப்பர், துணி இழை, ரெண்டு ஓரத்திலும் பீட் கம்பி, அதன் மேல் ஸ்டீல் பெல்ட், கடைசியில் ட்ரெட் என்று அடுக்கடுக்காக ஏற்றி ஒட்டுகிறார்கள். பிறகு அச்சில் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வேக வைக்கிறார்கள். ஸ்டீல் கம்பிக்குப் பித்தளைப் பூச்சு கொடுப்பதே ரப்பரிலுள்ள கந்தகத்தோடு அது பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். கம்பியில் ஈரமோ அழுக்கோ பட்டால், ரப்பர் கலவை சரியாக இல்லாவிட்டால், அந்தப் பிடிப்பு பலவீனமாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயிலில், வேகத்தில், காற்று குறைவாக ஓடும்போது ஒருநாள் ட்ரெட் மொத்தமாக உரிந்து போகும்.

இது கற்பனையல்ல. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. போர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பெரும்பாலும் போட்டிருந்த டயர்கள் அவை. ட்ரெட் பிரிந்து, வண்டி உருண்டு, 271 பேர் இறந்ததாக அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் புகார்கள் பதிவாயின. டயர் கம்பெனி வண்டியைக் குறை சொன்னது. வண்டிக் கம்பெனி டயரைக் குறை சொன்னது. ஏறத்தாழ நூறு வருஷ உறவை 2001ல் முறித்துக்கொண்டார்கள்.

கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. வில்டர்னஸ் ஏ.டி. என்ற மாடலில், அந்த முதல் அறிவிப்பில் திரும்பப் பெறப்பட்டவை இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஆலையில் செய்தவை மட்டும். அதே பெயர், அதே மாடல், ஆனால் வேறு ஆலையில் செய்திருந்தால் அப்போது அழைக்கப்படவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? டயரின் பக்கவாட்டில் "டாட்" என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிற ஆலைக் குறியீட்டை வைத்துத்தான். டிகேட்டருக்கு "வி.டி." என்ற ரெண்டெழுத்து. காரை நிறுத்திவிட்டு ஜனங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து அந்த ரெண்டெழுத்தைத் தேட வேண்டியதாயிற்று. பெயர் அங்கே உதவவில்லை. ரெண்டெழுத்துதான் உதவியது!

டிகேட்டரில் மட்டும் ஏன் அவ்வளவு? 1994ல் அந்த ஆலையில் நிர்வாகம் 8 மணி நேர ஷிப்டை 12 மணி நேரமாக்கி, பகலும் இரவுமாக மாற்றி மாற்றி வரச் சொன்னது. புதிதாகச் சேர்பவர்களுக்குச் சம்பளத்தை 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிர்வாகம் மாற்று ஆட்களை வைத்து உற்பத்தியை ஓட்டியது. 1995ல் தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள். முழு ஒப்பந்தம் 1996 கடைசியில்தான் வந்தது. ஆலன் குரூகர், அலெக்சாண்டர் மாஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் டிகேட்டர் டயர்களை வில்சன், ஜோலியட் என்ற மற்ற இரு ஆலைகளின் டயர்களோடு ஒப்பிட்டு 2004ல் ஆய்வு வெளியிட்டார்கள். மற்ற காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தகராறு நடந்த காலத்தில் செய்த டிகேட்டர் டயர்கள்தான் அதிகம் பழுதாயின என்று கண்டார்கள். அதுவும், மாற்று ஆட்கள் மட்டும் வேலை செய்த நாட்களை விட, சலுகைகளைப் பறிக்கப் போவதாகப் பேச்சு நடந்த நாட்களிலும், தோற்றுத் திரும்பியவர்களும் மாற்று ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற நாட்களிலும் நிலைமை மோசம்!

எல்லாப் பழியும் ஆலைத் தகராறு மேல்தான் என்று நான் சொல்லவில்லை. டிசைனிலும் குறை இருந்தது. பெல்ட்டின் ஓரத்தில் ரப்பர் போதவில்லை என்று அரசு விசாரணை சொன்னது. 2001ல் மற்ற ஆலைகளில் செய்த டயர்களும் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் ஒரு விஷயம் உறுதி. ஷிப்டு நேரமும், சம்பளமும், மனசும் டயருக்குள் போய் உட்காருகின்றன. எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது.

பக்கவாட்டைப் படிப்போம்

சரி, கடையில் நின்றுகொண்டு என்ன பார்ப்பது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சைஸ். 185/65 ஆர் 15 88 எச் என்று எழுதியிருந்தால், 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போடுங்கள்: 185இல் 65 சதவீதம் 120.25. ரெண்டு பக்கமும் சேர்த்து 240.5. ரிம் 381. மொத்த விட்டம் 621.5 மி.மீ. "தம்பி, 195 போடு, வண்டி கெத்தா இருக்கும்" என்று யாராவது சொன்னால் 195/65 ஆர் 15க்கும் போட்டுப் பாருங்கள். 634.5 வரும். ரெண்டு சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி, முன்பு அதே 100இல் போனதை விட ரெண்டு சதவீதம் வேகமாகப் போகும். வீல் ஆர்ச்சில் உரசுமா என்பது தனிக் கேள்வி. அகலத்தைக் கூட்டினால் பக்கச் சுவர் சதவீதத்தைக் குறைக்க வேண்டும். 195/60 என்றால் விட்டம் 615. இதைப் போட்டுப் பார்க்க கால்குலேட்டர் போதும், இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம்.

அடுத்து 88 எச். 88 என்பது எடைக் குறியீடு. ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. நாம் அவ்வளவு வேகம் போகப் போவதில்லை, ஆனால் வண்டிக் கம்பெனி சொன்ன குறியீட்டை விடக் குறைந்ததைப் போடக் கூடாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் சைஸும் காற்றளவும் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். கடைக்காரர் வாக்கை விட அது பெரிது.

மூன்றாவது தேதி. டாட் வரிசையின் கடைசி நாலு எண். 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம். "அண்ணே, தேதி எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "அட தம்பி, புது டயரு, பாரு முடி கூட போகல" என்பார். அந்த ரப்பர் முடி அச்சின் காற்றுத் துளையில் வருவது. ஓடாத டயர் என்பதற்குத்தான் அது சாட்சி, வயசுக்கு அல்ல. ஓடாமல் கிடந்தாலும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக வைக்கும். அதுவும் வெயிலில் வாசலில் அடுக்கி வைத்த டயர் என்றால் சொல்லவே வேண்டாம். முழுத் தேதி ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. ஆகவே டயரைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். வண்டியில் இருக்கிற ஸ்டெப்னிக்கும் வயசு உண்டு என்பதை மறக்காதீர்கள்.

நாலாவது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2009ஆம் ஆண்டு ஆணைப்படி இந்தியாவில் விற்கும் வாகன டயருக்கு இது கட்டாயம். கார் டயருக்கு ஐ.எஸ். 15633. அதோடு "சி.எம்./எல்." என்று ஆரம்பிக்கும் ஒரு லைசென்ஸ் எண் இருக்கும். அந்த லைசென்ஸ் கம்பெனிக்கு அல்ல, குறிப்பிட்ட ஆலைக்குக் கொடுப்பது! பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று தெரிந்துவிடும். "யார் செய்தது?" என்ற கேள்விக்கு நம் நாட்டில் பதில் கையிலேயே இருக்கிறது, கேட்பார்தான் இல்லை.

ஐந்தாவது தேய்மானம். ட்ரெட் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும். பக்கவாட்டில் "டி.டபிள்யூ.ஐ." என்று அதற்கு அடையாளம். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 மி.மீ. தான் மிச்சம். அதற்கு மேல் ஓட்டினால் மொட்டை டயர்தான். தண்ணீரை வெளியே தள்ள வழி இல்லாமல் டயர் மிதக்கும். ஐப்பசி மழையில் அதன் பலனைப் பார்க்கலாம்.

ரெண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால்?

"நாலும் ஒரே நேரத்துல மாத்த காசு ஏது?" என்பது நியாயமான கேள்வி. கால் டாக்ஸி ஓட்டுகிறவருக்கு நாலு டயர் என்பது ஒரு மாச வருமானத்தையே ஆட்டி விடும். ரெண்டு வாங்கினால் புதுசை எங்கே போடுவது? பெரும்பாலும் முன்னால்தான் போடுகிறார்கள், "இன்ஜின் முன்னாடி தானே இழுக்குது" என்று. மிச்செலின் போன்ற டயர் கம்பெனிகள் சொல்வது நேர்மாறு. புதுசு பின்னால்! காரணம் எளிது. ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். காலை எடுத்தால் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரம் மாதிரி சுற்றி விடும். சாதாரண ஓட்டுநரால் திருப்ப முடியாது.

இன்னொரு எதிர்வாதமும் கேட்டிருக்கிறேன். "ஐ.எஸ்.ஐ. இருந்தா எல்லாம் ஒண்ணுதானே, எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?" ஐ.எஸ்.ஐ. என்பது பாஸ் மார்க். பாஸ் மார்க் எடுத்தவனும் டிஸ்டிங்ஷன் எடுத்தவனும் ஒன்றா என்று நம்மைக் கேட்டால் தெரியும்! ஆனால் டிஸ்டிங்ஷன் டயரையே வாங்கி, பஞ்சர் கடையில் காற்றை மட்டும் மாசக்கணக்கில் பார்க்காமல் விட்டால் அதுவும் பெயில்தான். காற்று குறைந்தால் சுவர் அதிகம் மடியும், சூடேறும், உள்ளே அடுக்குகள் பிரியும். காசில்லாதவர்கூடச் செய்யக் கூடியது இது. படிப்பதற்கும் காற்று பார்ப்பதற்கும் பெரிய செலவு இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர் பேரவைக்கு என் யோசனை இது. அடுத்த கண்காட்சி நாளில் ஒரு மேஜை போடுவோம். மேலே "டயர் படிப்போம்" என்று ஒரு போர்டு. கீழே நாலைந்து பழைய டயர்கள், ஒரு ட்ரெட் கேஜ், ஒரு காற்றளவி. வருகிற பெற்றோர், ஆட்டோ ஓட்டுநர்கள், நம் கல்லூரி பஸ் டிரைவர் அண்ணன் எல்லோருக்கும் தேதியும் லைசென்ஸ் எண்ணும் பார்க்கக் கற்றுக்கொடுப்போம். டயர் வாங்கும்போது பில்லில் தேதிக் குறியீட்டையும் எழுதி வாங்கச் சொல்வோம். ஒரு நாள் வேலை, ஆனால் ராக்கெட் மாடலை விட உபயோகமானது.

இன்னொன்று நம்மைப் பற்றியது. தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அரக்கோணம், பெரம்பலூர், திருவொற்றியூரில் எம்.ஆர்.எப். ஒரகடத்தில் அப்போலோ. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே.யும் சியட்டும். தேர்வாய்க்கண்டிகையில் மிச்செலின். மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா. கங்கைகொண்டானில் ஜப்பானின் யோகோஹாமா குழுமத்து ஆலை. நம்மில் பலர் அப்ரண்டிஸாகவோ ட்ரெய்னியாகவோ இந்த மாதிரி கேட்டுகளுக்குள்தான் போகப் போகிறோம். அப்போது "யார் செய்தது?" என்ற கேள்விக்கு விடை நாம்தான்!

கண்ணாலே கண்டதும் பொய், காதாலே கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். வாங்குகிறவராக இருக்கும்போது விசாரிப்போம். செய்கிறவராக மாறும்போது, ஈரமான கம்பியைப் பார்த்தால் "சார், இதை ஓட்டக் கூடாது" என்று சொல்லும் துணிச்சலோடு இருப்போம். அப்படிச் சொல்கிறவன் வேலை பறிபோகாத ஆலை வேண்டும், தூக்கம் கெடாத ஷிப்டு வேண்டும், முறையான பயிற்சி வேண்டும் என்று கேட்பது வெறும் சங்கக் கோரிக்கை அல்ல. ரோட்டில் போகிற முகம் தெரியாத குடும்பத்துக்காகவும் கேட்பது அது.

சிந்திப்போம், தோழர்களே!